ஒரு சுற்றுக்கு ஒரு சாண்

காஞ்சிபுரத்துக்கு நான் வேண்டுதலுக்காகப் போகவில்லை. ஆனால் தெருவில் கேட்டவர்களிடமும், வண்டி ஓட்டிவந்த சுடலைமணியிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். நிஜத்தில் நான் போனது அவனை வேவு பார்க்க. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதியில் சொல்லலாம் என்று வைத்தால் வாய் வராது.

நான் உடன்குடிக்காரி. கருப்பட்டி வியாபாரம். சரக்கெடுப்பது வீட்டுக்காரர் வேலை, வண்டி என் பொறுப்பு. பதினாறு வருடத்துப் பழைய பிக்கப் அது. கதவைச் சாத்த ஒரு பக்குவம் வேண்டும், கண்ணாடியை இறக்க இன்னொரு பக்குவம். ஆனாலும் லிட்டருக்குப் பதிமூன்று கிலோமீட்டர் தவறாமல் கொடுத்துவந்தது. டீசல் போடும்போதெல்லாம் மீட்டரைப் பார்த்து மனசுக்குள்ளேயே வகுத்துவிடுவேன். எட்டாவதோடு நின்ற படிப்புதான், ஆனால் வகுத்தல் மட்டும் கையோடு தங்கிவிட்டது. பங்குனியிலிருந்து அந்த வகுத்தல் உதைக்க ஆரம்பித்தது. பதிமூன்று பதினொன்றரையாகிவிட்டது.

"வண்டிக்கு வயசாயிட்டுக்கா," என்றான் சுடலைமணி. இன்னொரு நாள் சரக்கிறக்கிவிட்டு வந்தவன், "மீட்டர் கொறச்சுக் காட்டுத மாதிரி இருக்கு. காஞ்சிபுரம் நம்ம ஊருக்குப் பக்கத்துல வந்துட்டு போல," என்று சிரித்தான்.

ஜனங்கள் பேசுகிற பேச்சை ஒரு நோட்டில் எழுதிவைக்கிற கிறுக்கு எனக்கு உண்டு. பஸ்ஸில் கேட்டது, சந்தையில் கேட்டது, சாவு வீட்டில் கேட்டது எல்லாம் அதில் இருக்கும். அவன் சொன்னதையும் எழுதிவைத்தேன். சிரிப்பாக இருந்ததால் எழுதினேன், அவ்வளவுதான். காதில் வாங்கவில்லை.

என் கொழுந்தன்தான் அந்த விதையைப் போட்டான். "டீசல வண்டி குடிக்கல மதினி, கேன்ல போவுது," என்றான். பன்னிரண்டு வருடமாக எங்கள் வண்டியை ஓட்டுகிறவனைப் பற்றி அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "இந்த நடைக்கு நானே கூடப் போயிப் பாக்கேன். நெசமுன்னா திரும்பி வந்ததும் நிறுத்திருவோம்," என்றேன். கொழுந்தன் அன்றைக்கே வேறு டிரைவரிடம் பேசிவைத்துவிட்டான். சுடலைமணியின் மனைவி பேச்சித்தாய்க்கு அடுத்த மாதம் கண்ணில் ஆபரேஷன். அது தெரிந்தேதான் நான் அப்படிச் சொன்னேன்.

"எதுக்குக்கா திடீர்னு காஞ்சிபுரம்?" என்று கேட்டான் கிளம்புகிற அன்று.

"காமாட்சிக்கு ஒரு வேண்டுதல்."

"யாருக்கு?"

"நமக்கு வேண்டியவங்களுக்குத்தான்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து நான் உட்காரப்போகிற சீட்டை இரண்டு தடவை துடைத்துவிட்டான்.

வழி நெடுக நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. நான் இறங்கினால் டீசல் இறங்கிவிடும் என்று பயம். அவன் டீக்கு நிறுத்தினால், "நீ போயிக் குடி," என்பேன். சாப்பாட்டுக்கு நிறுத்தினாலும் அதேதான். மத்தியானம் அவன் கேட்டான், "விரதமாக்கா?" வேறு வழியில்லாமல் தலையாட்டினேன். அதற்கப்புறம் அவனும் சாப்பிடவில்லை. "நீங்க பட்டினி கெடக்கும்போது எனக்கு மட்டும் எப்படிக்கா எறங்கும்?" திருடனைப் பிடிக்கப் போனவள், திருடனோடு சேர்ந்து பட்டினி கிடந்தேன். என்ன அழுத்தக்காரன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

காஞ்சிபுரத்துக்குள் நுழைந்தபோது காலை வெயில் இன்னும் ஏறவில்லை. சரக்கு இறக்கவேண்டிய கடை பிள்ளையார்பாளையத்தில். தெருவுக்குள் திரும்பினால் வழி இல்லை. தெரு நீளத்துக்கும் நூல். தறியில் ஏற்றப்போகிற பட்டுப் பாவு நூலை அரக்குச் சிவப்பில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக் கட்டி, குறுக்கே குச்சிகள் கொடுத்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று ஒவ்வொரு இழையாக நீவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் தெருவை மறித்தால் அது கல்யாணம் அல்லது சாவு. இங்கே அது வேலை.

"ஹாரன அடி," என்றேன்.

"அடிக்கக் கூடாதுக்கா. கை பதறிச்சுன்னா இழை அந்துரும்." சொல்லிவிட்டு இன்ஜினை நிறுத்தினான். "அர மணியாவது ஆகும். எதுக்கு டீசல வீணாக்கணும்?"

என்னமாய் நடிக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பாவிலிருந்து ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். லோகா என்று பெயர். அது அவள் வீட்டுப் பாவு. முப்பத்தைந்து வயதிருக்கும், பேச்சு அவளுக்கு முன்னால் வந்தது.

"எந்த ஊருக்கா? வண்டி பூரா பனவெல்லம் வாசன அடிக்குது! நீங்க பரவால்ல, சத்தம் போடாம நிக்கறீங்க. நேத்து ஒருத்தன் ஹாரன் அடிச்சுக்கினே இருந்தான். எங்க வூட்டுக்காரரு போயி சாவியப் புடுங்கி இடுப்புல சொருவிக்கினாரு. பாவு சுத்தி முடிச்சப்பறந்தான் குடுத்தாரு."

"அவுக விரதம்," என்றான் சுடலைமணி, என்னைக் காட்டி. "காமாட்சியம்மனுக்கு வேண்டுதல்."

"அய்யோ, வெறும் வயித்தோடயா நிக்க வெச்சிட்டோம்!" லோகா உள்ளே ஓடிப்போய் ஒரு டம்ளர் சூடான பால் கொண்டுவந்தாள். அதைக் குடித்தபோது பசிக்கு இதமாகத்தான் இருந்தது. நெஞ்சுக்கு இல்லை.

பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சுடலைமணியே அவளிடம் கேட்டான். "ஏம்மா, இங்கன நல்ல மெக்கானிக் யாரும் இருக்காவளா? வண்டி கொஞ்ச நாளா டீசல் கூடக் குடிக்கி. அக்காவுக்கு அதுல மனசே சரியில்ல. இவ்வளவு தூரம் வந்ததுக்கு ஒருக்கா காட்டிருவோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே மனசு அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தது: கெட்டிக்காரத் திருடன். சந்தேகம் வந்த பிறகு அவன் நல்லது செய்தாலும் குற்றம், செய்யாவிட்டாலும் குற்றம் என்று ஆகியிருந்தது.

"எங்க வூட்டாண்டையே தேவராஜ் அண்ணன் ஷெட் இருக்குது," என்றாள் லோகா. "வண்டிங்களுக்கு அவர்தான் டாக்டரு. ஆனா டாக்டர விட ஜாஸ்தி திட்டுவாரு."

சரக்கை இறக்கிவிட்டுப் போனோம். திட்டினார். தேவராஜுக்கு ஐம்பது வயதுக்கு மேல். ஷெட் சுவரில் இயேசு படம், அதன் கீழே ஸ்பேனர்கள் வரிசையாக. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். செக்கச்செவேலென்று மண் கொட்டியது.

"இன்னாமா இது? மொளகாத் தூளா? மண்டி எதுனா வெச்சிக்கினு இருக்கீங்களா?"

"எங்க ஊரு தேரி மண்ணுண்ணே," என்றான் சுடலைமணி. உடன்குடிப் பக்கத்தில் பனங்காடு முழுக்கச் செம்மணல் மேடுதான். கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும்.

"இது பாதி மூச்ச அடச்சிக்கினு இருக்குது. ஆனா இவ்ளோ கொறயாது." வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிவிட்டார். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் சக்கரம் இறுகும், அதிலும் டீசல் போகுமாம். நான்கும் லேசாகச் சுற்றின. அடியில் படுத்துக் குழாய்களைத் தடவினார். ஒழுகல் இல்லை. புகையைப் பார்த்தார். கறுப்பு இல்லை. கடைசியில் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "வண்டி பொய் சொல்லாதும்மா. மனுசன்தான் சொல்லுவான். நாளைக்கு வாங்க, வண்டிய நேராவே கேட்டுடலாம்."

அதை அங்கேயே நின்று நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்து சுடலைமணியைப் பார்த்தேன். அவன் கீழே கிடந்த ஃபில்டரை எடுத்து ஊதிச் சுத்தம் செய்துகொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் விரதத்தை முடித்துவிட்டதாகச் சொல்லி இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டோம். இந்த ஊர் இட்லி எங்கள் இட்லிக்குச் சொந்தமே இல்லை. மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, கூடையில் இலை வைத்து நீளமாக அவித்து, துண்டு போட்டுத் தருகிறார்கள். "கேக்கு மாதிரிலாக்கா இருக்கு," என்றான் அவன். நான்கு துண்டு தின்றான். ஐந்தாவதைப் பொட்டலம் கட்டச் சொல்லி, "பேச்சிக்குக் கொண்டு போனா கெட்டுருமோ?" என்று கேட்டுவிட்டு, அவனே யோசித்து, அதையும் தின்றான்.

மறுநாள் தேவராஜ் டேங்க்கையே நம்பவில்லை. ஓர் ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, மட்டத்துக்கு ஒரு கோடும் இரண்டு லிட்டர் கீழே இன்னொரு கோடும் போட்டு, என் காலடிக்குப் பக்கத்தில் கட்டிவைத்தார். டேங்க்கிலிருந்து இன்ஜினுக்குப் போகிற குழாயையும், மிச்ச டீசல் திரும்பி வருகிற குழாயையும் கழற்றி இரண்டையும் கேனுக்குள் விட்டார். "இப்ப வண்டி குடிக்கறது எல்லாமே உங்க கண்ணு எதிர்லதான். காலி பண்ண வுடக் கூடாது, காத்து பூந்துக்கும். ரெண்டு லிட்டர் கொறஞ்சதும் மீட்டரப் பாப்போம்."

சுடலைமணி சாவியை எடுத்தான். "நீ இரு," என்றேன். "முந்தாநாள் ராத்திரியெல்லாம் ஓட்டிட்டு வந்தவன். ரெஸ்ட் எடு. அண்ணன் ஓட்டட்டும்." அக்கறை மாதிரிதான் இருந்தது, கேட்டவர்களுக்கு.

தேவராஜ் ஓட்டினார். திருமுக்கூடல் பக்கம் போனோம். மூன்று ஆறு கூடுகிற இடம் என்றார்கள். எங்கள் தாமிரபரணியைப் பார்த்தவளுக்கு அது மூன்று மணல் கூடுகிற இடமாகத்தான் தெரிந்தது. நடுவில் கொஞ்சம் தண்ணீர், அதில் ஒரு கொக்கு. பழைய கோயில் சுவரெல்லாம் எழுத்து. நான் எழுத்தையும் பார்க்கவில்லை, கொக்கையும் பார்க்கவில்லை. காலடியில் இருந்த கேனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்புகிற வழியில் டீசல் கீழ்க்கோட்டைத் தொட்டது. வண்டியை ஓரம் கட்டினார். மீட்டரில் இருபத்துமூன்று கிலோமீட்டர்.

"ரெண்டு லிட்டருக்கு இருவத்திமூணு. அதே பதினொன்னரை," என்றார் தேவராஜ். "ஓட்டினது நானு. டீசல் உங்க காலாண்ட இருக்குது. யாரும் கை வெக்கல. சோ, வண்டியிலதான் ஏதோ இருக்குது."

இந்த இடத்தை எழுதத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பன்னிரண்டு வருடம் நம் சோற்றைத் தின்றவன், நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போனவன், திருடவில்லை என்று தெரிந்தது. நிம்மதி வந்திருக்க வேண்டாமா? எனக்கு வந்தது ஏமாற்றம். இத்தனை தூரம் வந்தும் பிடிக்க முடியவில்லையே என்கிற ஏமாற்றம். அது ஒரு நிமிஷம்கூட இருந்திருக்காது. ஆனால் இருந்தது.

ஷெட்டுக்கு வந்தபோது சுடலைமணி வாசலில் நின்றுகொண்டிருந்தான். ரெஸ்ட் எடுக்கவில்லை. கோயில் பக்கம் நடந்து போய் வந்திருக்கிறான். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய காகிதப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தான். பிரித்தால் வெள்ளியில் இரண்டு கண். கண்மலர். கண்ணுக்கு வேண்டிக்கொண்டவர்கள் அம்மனுக்குப் போடுகிறது.

"நீங்க வாங்கிருப்பீகளோ என்னவோ. இருந்தாலும் எம் பங்குக்கு இருக்கட்டும்னுதான்," என்றான்.

"இது எதுக்கு மணி?"

"நமக்கு வேண்டியவங்கன்னு சொன்னீகளே. பேச்சிக்குத்தானக்கா? வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்க, எனக்குத் தெரியாதா? பட்டினியா வேற வந்தீக." கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் சிரித்தான். "நேத்தே போன்ல சொல்லிட்டேன் அவகிட்ட. அக்கா உனக்காவ காமாட்சிக்கு வேண்டிட்டு வந்திருக்காவன்னு. ஒரே அழுவ."

அந்த இரண்டு வெள்ளிக் கண்ணையும் மறுபடி காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். இல்லை என்று சொல்ல அதுதான் நேரம். அதை விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் தேவராஜ் வண்டியைத் தொடவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு வக்கீல் மாதிரி கேள்வி கேட்டார்.

"எப்பலேர்ந்து கொறஞ்சிது?"

"பங்குனியில இருந்து."

"அதுக்கு முன்னாடி வண்டில இன்னா கைய வெச்சீங்க?"

"ஒண்ணும் வைக்கலயே."

"மாசியில பின் டயர் ரெண்டையும் மாத்துனோம்லாக்கா," என்றான் சுடலைமணி.

ஆமாம். தேரி மணலில் வண்டி புதைகிறது என்று என் கொழுந்தன்தான் அந்த யோசனையைச் சொன்னான். வேறொரு பெரிய வண்டியில் கழற்றிய டயர் இரண்டு, ஒரு அளவு பெரியது. நான்தான் வாங்கிப் போடச் சொன்னேன். அதற்கப்புறம் வண்டி மணலில் புதையவே இல்லை. அதனால் அதை ஒரு குறையோடு சேர்த்து நினைக்கவே தோன்றவில்லை.

தேவராஜ் எழுந்தார். குனிந்து வண்டிக்கு அடியில் மாட்டியிருந்த ஸ்டெப்னியைப் பார்த்தார். பிறகு பின் டயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஸ்டெப்னி பழைய சைஸா?"

"அதை மாத்தல."

"டேப் எங்க வெச்சேன்னு தெர்லயே," என்று அவர் தேட ஆரம்பித்தார். வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த லோகா சிரித்தாள். "டேப்பு எதுக்குண்ணா? நெசவாளி தெருவுல ஒக்காந்துக்கினு டேப்பு தேடறீங்க!" வீட்டுக்குப் போய் ஒரு கைப்பிடி கழிவு நூலோடு வந்தாள்.

ஸ்டெப்னியைக் கழற்றி, டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. தரையில் ஒரு கோடு. டயர் ஒரே ஒரு சுற்று உருண்டு, அந்தக் கோடு மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே லோகா நூலை இழுத்துப் பிடித்து அறுத்தாள். பிறகு பின் சக்கரத்துக்கும் அதேபோல. வண்டியை நாங்கள் எல்லாரும் தள்ளினோம். நானும் தள்ளினேன். மூன்று நாளில் அந்த வண்டிக்கு நான் செய்த ஒரே உபகாரம் அது. இரண்டாவது நூலையும் அறுத்து, இரண்டு நூலையும் ஒரு முனை சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டாள் லோகா.

ஒன்று நீண்டிருந்தது. நீண்டதை அவள் கையை விரித்து அளந்தாள். "ஒரு சாண்."

"ஆங்!" என்று தொடையைத் தட்டினார் தேவராஜ். "மீட்டருக்குக் கண்ணு கெடையாதுமா. ரோட்டப் பாக்காது. சக்கரம் எத்தினி சுத்து சுத்துதுன்னு மட்டும் எண்ணும். நீங்க பெரிய டயர் போட்டதால ஒவ்வொரு சுத்துக்கும் வண்டி ஒரு சாண் கூடப் போவுது. அந்த ஒரு சாண அது எண்ணல. பதினோரு கிலோமீட்டர் போனா பத்துன்னு சொல்லிக்கினு இருக்குது. வண்டி பழையபடிதான் கொடுக்குது. மிச்சம் மீதி அந்த மொளகாத் தூளு." பின் டயரை ஒரு தட்டுத் தட்டி, "மொதநா சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். உங்க வண்டி பொய்தான் சொல்லுது," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். சுடலைமணிதான் அதிகம் சிரித்தான். "நான் சொன்னேம்லாக்கா! காஞ்சிபுரம் பக்கத்துல வந்துட்டுன்னு சொன்னேம்லா!" அதில் குத்தல் இல்லை. சொன்னது பலித்த சந்தோஷம் மட்டும்தான்.

"ஒண்ணு சொல்றேம்மா," என்றார் தேவராஜ், கையைக் கழுவிக்கொண்டே. "இந்த மாதிரி மைலேஜ் கொறஞ்சா ஓனருங்க மொதல்ல டிரைவரத்தான் புடிப்பாங்க. டீசல் அடிச்சிட்டான்னு ஒரே பேஜார். எத்தினி பேர வேலைய வுட்டுத் தூக்கியிருக்காங்க தெரியுமா? நீங்க பரவால்ல. மனுசன வுட்டுட்டு வண்டிய செக் பண்ண வந்தீங்க."

"எங்க அக்கா அப்படிலாம் நெனைக்க மாட்டாவ," என்றான் சுடலைமணி.

லோகா அந்த நீள நூலை உருட்டி என் கையில் கொடுத்தாள். "ஊருக்கு எடுத்துக்கினு போங்கக்கா, ஞாபகத்துக்கு." அன்றைக்கு லாட்ஜில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். சித்திரை மாதத்துப் பக்கத்தில் இருந்தது, என் கையெழுத்தில்: மீட்டர் கொறச்சுக் காட்டுத மாதிரி இருக்கு. நோயையும் சொல்லி மருந்தையும் சொல்லியிருக்கிறான். நான் அதைச் சிரிப்புப் பேச்சு என்று அழகாக எழுதிவைத்திருக்கிறேன்.

நான்காம் நாள் காலையில் கோயிலுக்குப் போனோம். வாசலில் ஒரு தெலுங்குக் குடும்பம், கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்கள். பெண்ணின் அம்மா யாரிடமோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். செருப்பு வாங்கிவைக்கிற அம்மாளுக்குத் தெலுங்கு தெரியும் போல. என்னவென்று கேட்டேன். "கடைக்குள்ள வெச்சுப் பாத்தா எல்லாச் சேலையும் நல்லாத்தான் இருக்கும், வெளிய வெயில்ல எடுத்துக் காட்டச் சொல்லுன்றாங்கம்மா," என்று சிரித்தாள். நோட்டு பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு சுடலைமணி எனக்கு முன்னால் நடந்தான். நான் நின்றேன்.

"மணி, ஒண்ணு சொல்லணும்."

"உள்ள போயிட்டு வந்து சொல்லுங்கக்கா. கூட்டம் வந்துரும்."

"உள்ள போறதுக்கு முன்னாலயே சொல்லணும்." "நான் வேண்டுதலுக்கு வரல. உன்னப் பாக்கத்தான் வந்தேன். நீ டீசல் எடுக்கேன்னு நெனச்சேன்."

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வண்டி ஓட்டும்போது குறுக்கே ஆடு வந்தால் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான்.

"எடுக்கேன்னு நெனச்சீகளா. சரி. வண்டி ஓட்டுதவன அப்படித்தான் நெனப்பாவ." பிறகு தலையைத் தூக்கினான். "அப்போ வேண்டுதலே கெடையாதாக்கா?"

"இல்ல."

"பேச்சிக்கு யாரும் வேண்டிக்கிடல."

ஏதாவது நல்லது சொல்லித் தேற்றிவிட வேண்டும் என்கிற அவசரத்தில் இன்னொன்றும் சொன்னேன். "நீ ஒண்ணும் யோசிக்காத. வேற டிரைவர் வேண்டாம்னு நேத்தே கொழுந்தனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

"அதும் பேசியாச்சா?" என்றான்.

அது அவனுக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் திரும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தான். அந்தக் கோயில் வாசலில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், நான் கையில் இரண்டு வெள்ளிக் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். கீழே பார்த்தால் கால், மேலே பார்த்தால் கோபுரம். பார்க்க இடமே இல்லை.

வெறுங்காலோடு வண்டிக்குப் போனேன். அவன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தான், சாவி போடாமல். பொட்டலத்தை நீட்டினேன். "நீ வாங்குனது. நீயே வந்து போடு. எனக்குப் போட யோக்கியதை இல்ல."

"நீங்கதான் போடணும்."

"மணி..."

"அவகிட்ட நீங்க போடுதீகன்னுதான் சொல்லிருக்கேன். அவ அத நம்பிட்டு இருக்கா. நான் வீட்டுல போயி எதையும் மாத்திச் சொல்ல மாட்டேன்." அவன் என்னைப் பார்க்கவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசினான். "போயி உள்ளபடி வேண்டிக்கிட்டுப் போட்டுட்டு வாங்க. நான் இங்க நிக்கேன்."

போனேன். வரிசையில் நின்றேன். அம்மன் முன்னால் வந்ததும் எனக்காக ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் கோயில் இல்லை, வண்டியில் உட்கார்ந்திருக்கிறது. பேச்சித்தாய், பேச்சித்தாய், பேச்சித்தாய் என்று அவள் பேரை மட்டும் சொன்னேன். அவளுக்கு எந்தக் கண் என்று யோசித்தேன். வலதா, இடதா? பன்னிரண்டு வருடம் எங்கள் வண்டி ஓட்டுகிறவனின் மனைவி. எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் உண்டியலில் போட்டேன்.

அன்றைக்கே ஊருக்குத் திரும்பினோம். லோகா கொடுத்த நூல் டேஷ்போர்டில் சுருண்டு கிடந்தது, குழியில் வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் ஆடியது. சுடலைமணி ஓட்டுவதில் ஒரு மாற்றமும் இல்லை. டீக்கு நிறுத்தினான், சாப்பாட்டுக்கு நிறுத்தினான். ஒவ்வொரு தடவையும் நான் இறங்கினேன், சாவி வண்டியிலேயே இருக்க, அவனை வண்டியோடு விட்டுவிட்டு இறங்கினேன். அதை அவன் கவனித்தானா என்று திரும்பிப் பார்த்தேன். அப்படித் திரும்பிப் பார்த்ததே தப்பு. அவன் கவனித்தது அதைத்தான்.

வழக்கமாக வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டு வருகிறவன், அன்று கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னான். வெயில் சாய்கிற நேரத்தில் என்னால் தாங்க முடியவில்லை. ஏதாவது பேசவைக்க வேண்டுமே என்று கேட்டேன்.

"எவ்வளவு தூரம் வந்திருப்போம் மணி?"

அவன் மீட்டரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான்.

"மீட்டர் சொல்லுததக் கேக்கீகளா, நான் சொல்லுததக் கேக்கீகளா?"

"நீ சொல்லுதத."

ஒரு லாரியை முந்தவிட்டான். பிறகு சொன்னான்:

"பாதிகூட வரலக்கா."